விரலுக்குத் தெரிந்தது

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் என்னைத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கும் நடந்ததுதான். காலை ஏழு மணி பேட்ச், ஒரு மணி நேரம். முதல் வாரம் முழுக்க ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’. தமிழ் லோயர் படிப்பவர்கள் பக்கத்து மெஷினில் ‘யளனகபக’ அடித்துக்கொண்டிருப்பார்கள். யாராவது குனிந்து விசையைப் பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். ஒரு நாள் அவரிடம், “சார், பி எந்த வரிசையில இருக்கு?” என்று கேட்டேன். பல ஆண்டுகளாக அந்த ஒன்றையே சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும் பதில் உடனே வரவில்லை. மேசை விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தார். இடக்கை ஆள்காட்டி விரல் தானாகக் கீழே இறங்கி வலப்பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, “கீழ் வரிசைப்பா” என்றார்.

அவர் தன் விரலைக் கேட்டுத்தான் எனக்குச் சொன்னார் என்பது பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வைப் படித்தபோது விளங்கியது. 2014-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் அடிப்பவர்களிடம் எழுத்தே இல்லாத வெற்று விசைப்பலகைப் படம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நொடிக்கு ஆறு விசைகளைத் தேடிப் பிடிக்கும் விரல்களுக்குச் சொந்தக்காரர்கள், 26 எழுத்துகளில் சராசரியாக 15-ஐத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். ஒருகாலத்தில் தெரிந்திருந்து பிறகு மறந்துபோயிருக்கும் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அதே குழு, ட்வொராக் என்னும் வேறொரு விசை அமைப்பை இரண்டு மணி நேரம் பழக்கிவிட்டு உடனே சோதித்தபோதும், புதிய விசைகளின் இடத்தை அவர்களால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. விரல் கற்றதை வாய் எப்போதுமே அரைகுறையாகத்தான் கற்றிருக்கிறது.

கை வேலையை மூளை எப்படிக் கற்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு தயார் பதில் உண்டு: திரும்பத் திரும்பச் செய்தால் படிந்துவிடும். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் சொல்லிக்கொடுக்கும் இடத்திலும் மருத்துவமனையிலும் நாம் நிறைய நேரத்தை வீணாக்குகிறோம் என்பது என் எண்ணம். கற்றல் நடக்கும் இடம், கை பிசகுகிற கணமும் கை சும்மா இருக்கிற கணமும்கூட. அதற்கான சான்றுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

சொல்லத் தெரியாத அறிவு ஒன்று தனியாக இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் ஹென்றி மொலைசன். வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-இல், 27-ஆவது வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கவாட்டிலும் உட்புறப் பகுதியை அகற்றினார். ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. சந்தித்தவரைச் சில நிமிடங்களில் மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். மான்ட்ரியலிலிருந்து வந்து அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கையையும் தாளையும் நேரே பார்க்க முடியாது, கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே போக நினைத்தால் கை கீழே போகும், மூலைகளில் பென்சில் திகைத்து நிற்கும். மொலைசன் மூன்று நாள் பழகினார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது, மூன்றாம் நாள் கோடு ஏறக்குறையச் சீராக ஓடியது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் நம்பினார். கற்றது கையில் இருந்தது, கற்ற கதை எங்கும் இல்லை. 2008-இல் அவர் இறக்கும்வரை ஆய்வுலகம் அவரை ‘ஹெச். எம்.’ என்ற இரண்டு எழுத்துகளில்தான் அறிந்திருந்தது.

அப்படியானால் அந்த அறிவு எங்கே போய்ச் சேர்கிறது? ஒரே ஓர் இடத்தில் இல்லை. முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் சிறுமூளை. பெயரில்தான் சிறியது. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி இதில்தான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மூளைக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு, நரம்பணுக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கு.

முதல் உலகப் போரில் குண்டடிபட்டுச் சிறுமூளை சேதமான படைவீரர்களைப் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் பொறுமையாகக் கவனித்து எழுதினார். அவர்களுக்குக் கை வாதம் இல்லை, உணர்ச்சியும் இருந்தது. ஆனால் எடுக்கப்போன பொருளைத் தாண்டிக் கை போகும், அல்லது அதற்கு முன்பே நின்றுவிடும். அவர்களில் ஒருவர் சொன்னதாக ஹோம்ஸ் பதிவு செய்திருப்பதை என்னால் மறக்க முடியவில்லை. இடக்கை தானாகப் போய் வேலையைச் செய்துவிடுகிறது, வலக்கையை மட்டும் ஒவ்வோர் அசைவாக யோசித்து நகர்த்த வேண்டியிருக்கிறது என்றாராம். தட்டச்சு நிலையத்தில் முதல் வாரத்தில் இருந்த எங்கள் எல்லோருடைய நிலையும் அதுவே. எங்களுக்கு அது கடந்துபோகும் கட்டம். அந்த வீரருக்கோ மீள முடியாமற்போன கட்டம்.

சிறுமூளை செய்வதை ஒரு சொல்லில் சொல்வதானால், முன்கணிப்பு. கண் பார்த்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய், திருத்தம் கைக்கு வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். நொடிக்கு ஆறு விசை அடிப்பவருக்கு அதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். முதல் விரலின் அசைவு முடிந்த உணர்வுதான் அடுத்த விரலைக் கிளப்புகிறது என்ற பழைய விளக்கம் இதனால்தான் நிற்காது என்று உளவியலாளர் கார்ல் லாஷ்லி 1951-இல் வாதிட்டார். மூளை பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கை எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே கணித்து, கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு அடுத்த கணிப்பைத் திருத்துகிறது.

இதை நேரில் காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. பட்டகக் கண்ணாடி அணிந்தால் உலகம் ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும். அதை அணிந்து ஒரு குறியை நோக்கிப் பந்து எறிந்தால் முதலில் தவறும். இருபது முப்பது எறிதலுக்குள் கை சரிசெய்துகொள்ளும். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு எறியச் சொன்னால், எறிபவருக்கே வியப்பாக, பந்து எதிர்ப்பக்கம் தவறும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த விளைவை விவரித்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றியது எறிபவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயனில்லை, கை தன் கணக்கைத் தானே மாற்றிக்கொண்டால்தான் உண்டு. 1990-களில் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் சிறுமூளை பாதித்தவர்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். அவர்களில் பலருக்குக் கண்ணாடியோடும் கை திருந்தவில்லை, கழற்றிய பின் எதிர்ப்பிழையும் வரவில்லை. பிழையிலிருந்து கற்கும் பாதையே அங்கே அறுந்திருந்தது.

அந்தப் பாதை எப்படி இயங்கக்கூடும் என்று சொன்னவர் டேவிட் மார். 1969-இல் கேம்பிரிட்ஜில், இருபத்துநான்கே வயதில். சிறுமூளைப் புறணியில் பர்கிஞ்சி அணு என்றொரு பெரிய நரம்பணு உண்டு, விசிறி விரித்த மரம் போல. அதன் கிளைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் வந்து தொடுகின்றன. இவை தவிர, கொடிபோல் அதன் உடலைச் சுற்றி ஏறும் ஒற்றை இழை ஒன்று தனியே வருகிறது. லட்சம் பேர் ஒருபக்கம், ஒற்றை ஆள் மறுபக்கம். இந்த விநோத அமைப்பு எதற்கு? லட்சம் இழைகள் சூழ்நிலையைச் சொல்கின்றன, ஒற்றைக்கொடி கற்றுக்கொடுக்கிறது, அது துடிக்கும்போது உடன் துடித்த இழைகளின் இணைப்பு மாறுகிறது என்றார் மார். இணைப்பு வலுப்படும் என்பது அவர் கருத்து. 1971-இல் நாசாவில் பணியாற்றிய பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் தனியாக ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். ஒரு திருத்தம் மட்டும்: ஒற்றைக்கொடி சுமந்துவருவது பிழைச் செய்தி, ஆகவே இணைப்பு நலிய வேண்டும். 1982-இல் தோக்கியோவில் மசாவோ இட்டோவின் ஆய்வுக்கூடம் முயலின் மூளையில் இதைச் சோதித்தது. இணைப்பு நலிந்தது. பிழைக்குத் துணைபோன இழைகளின் குரல் தணிக்கப்படுகிறது. சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கி எறிவதைப் போல, சிறுமூளை ஒரு திறனைப் பெருமளவு கழித்துக் கழித்தே உருவாக்குகிறது.

இதோடு கதை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நலிவு நிகழாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளும் அசைவுகளை நன்றாகவே கற்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுமூளை கற்கப் பல வழிகளை வைத்திருக்கிறது, இட்டோ கண்டது அவற்றுள் ஒன்று என்று இன்று பலரும் கருதுகிறார்கள். எனினும் அடிப்படைக் கருத்து நிற்கிறது. பிழை நேர்ந்தால்தான் அந்த ஒற்றைக்கொடிக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

சிறுமூளை தனித்தனி அசைவைக் கூர்தீட்டுகிறது. அசைவுகளைக் கோத்துச் சரமாக்கும் வேலை வேறோரிடத்தில் நடக்கிறது. அதைப் பற்றிய முதல் நல்ல ஆய்வு மூளையைத் திறந்து செய்ததல்ல. 1890-களில் இண்டியானாவில் வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் ரயில்வே தந்தி ஊழியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததால் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர் மோர்ஸ் ஒலியில் எழுத்தைக் கேட்கிறார். சில மாதத்தில் எழுத்து மறைந்து சொல் கேட்கிறது. தேர்ந்தவருக்குச் சொல்லும் மறைந்து தொடர் கேட்கிறது. தந்தியை வாங்கி எழுதும் வேகத்தை வரைபடமாக்கியபோது, ஏறி வந்த கோடு வாரக்கணக்கில் சமதளமாகக் கிடந்து பிறகு மீண்டும் ஏறியது. அந்தச் சமதளம் எல்லோருக்கும் வரும் விதி என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதின. பின்னர் வந்த பல ஆய்வுகளில் அது தென்படவே இல்லை. ஆனால் எழுத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து தொடருக்கும் தாவும் அந்த ஏற்றம் மட்டும் எங்கும் காணக் கிடைக்கிறது. தட்டச்சில் ‘தி’ என்ற ஆங்கிலச் சொல் மூன்று விசையாக இருந்து ஒரே அசைவாக ஆகும் நாளை மெஷினின் சத்தத்திலேயே கேட்கலாம்.

இந்தக் கோவையைக் கட்டும் பணியில் முன்னால் நிற்பவை மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள், பேசல் கேங்லியா. எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளை ஒரு வழித்தடத்தில் ஓடவிட்டு இத்திரளின் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். தடம் புதிதாக இருந்தவரை ஓட்டம் முழுக்கத் துடிப்பு இருந்தது. பழகப் பழக அது ஓட்டத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒதுங்கியது, நடுவில் அமைதி. ஒரு வாக்கியத்தின் இருபுறமும் மேற்கோள்குறி போட்டதுபோல. இத்திரள்களுக்கு டோபமின் என்னும் வேதிப்பொருள் வழியாகச் சேதி வருகிறது. எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தால் அது பெருகும், எதிர்பார்த்தபடியே நடந்தால் மாறாது, எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் குறையும் என்று உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் காட்டினார். பார்கின்சன் நோயில் டோபமின் வற்றும்போது, வாழ்நாளெல்லாம் யோசிக்காமல் செய்துவந்த நடையும் கையெழுத்தும் சுருங்கிப்போவதை நம் வீடுகளிலேயே பலர் பார்த்திருப்போம்.

பெருமூளைப் புறணியின் பங்கு என்ன? ‘இயக்கப் புறணி’ என்று பெயர் இருப்பதால் திறன் அங்கேதான் சேமிக்கப்படுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஹார்வர்டில் பென்ஸ் ஓல்வெட்ஸ்கி குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பை அசைத்தது. குறிப்பிட்ட இடைவெளியில் நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளின் இயக்கப் புறணியை அகற்றினார்கள். எலிகள் கற்ற வித்தையை, தமக்கே உரிய விசித்திர அசைவுகளோடு, அப்படியே செய்தன. கற்பதற்கு முன்பே புறணியை அகற்றிய எலிகளோ கற்கவே இல்லை. அந்த வகை வேலையில் புறணி ஆசிரியராக இருந்துவிட்டு விலகிக்கொள்கிறது. மனிதனின் நுண்விரல் வேலைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, பக்கவாதத்தில் புறணி சேதமானவர்களின் விரல்களே சாட்சி. ஆயினும் கற்கும்போது உழைக்கும் மூளையும் கற்றபின் செய்யும் மூளையும் ஒன்றல்ல என்பது தெளிவாகிறது.

புறணியில் மாற்றம் நிகழ்வதும் மெய். 1995-இல் அவி கார்னி குழுவினர், நாளுக்குப் பத்திருபது நிமிடம் விரல்களைக் கட்டைவிரலோடு ஒரு வரிசையில் தொட்டுப் பழகியவர்களின் இயக்கப் புறணியில், சில வாரங்களில், அந்த வரிசைக்கான பகுதி விரிவதைக் கண்டார்கள். அதே ஆண்டு தாமஸ் எல்பர்ட் குழுவினர், நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களின் இடக்கை விரல்களுக்கான பகுதி பெரிதாக இருப்பதையும், சிறுவயதில் தொடங்கியவர்களிடம் அது இன்னும் பெரிதாக இருப்பதையும் காட்டினார்கள். விரிவு எப்போதும் நன்மையல்ல. அளவுமீறி ஒரே அசைவைப் பழகிய சில இசைக்கலைஞர்களின் மூளையில் அடுத்தடுத்த விரல்களின் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து, விரல்கள் தனித்து இயங்க மறுக்கின்றன. பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில் சாம்பல் பொருள் கூடியதாகவும், பழகுவதை விட்டபின் அது குறைந்ததாகவும் 2004-இல் ஜெர்மானிய ஆய்வொன்று சொன்னது. மூளை தசைபோல் வீங்குகிறது என்ற பேச்சு அதன் பிறகுதான் பரவியது. நான் அதைச் சற்றுத் தள்ளியே வைப்பேன். பருமன் கூடுவது எதனால், அணு கூடியா இணைப்பு கூடியா என்பதை ஸ்கேன் படம் சொல்லாது.

என்னை அதைவிடக் கவர்ந்தது 2014-இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு. நரம்பிழையைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்புறை உண்டு, செய்தி விரைந்து செல்ல உதவுவது. வளர்ந்த எலிகளில் புதிய மையலின் உருவாகாதபடி தடுத்துவிட்டு, படிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் அமைந்த சக்கரத்தில் ஓடவிட்டார்கள். கற்கத் திணறின. முன்பே அச்சக்கரத்தில் பழகிய பின் தடுக்கப்பட்ட எலிகள் இயல்பாக ஓடின. புதிதாகக் கற்க நரம்பு இணைப்பு மட்டும் போதாது, பாதைக்கு உறையும் போட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் மூளைக்குள் நடப்பது. இனி, பழகுபவர் என்ன செய்தால் இது நன்றாக நடக்கும் என்பதற்கு வருகிறேன். இங்கேதான் நம் வழக்கங்கள் பலவும் ஆய்வோடு முரண்படுகின்றன.

1920-களில் மாஸ்கோவின் மத்தியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனத்தில் நிகலாய் பெர்ன்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர், சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் கையிலும் சுத்தியலிலும் சிறு மின்விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். தொழிலில் ஊறியவரின் அடிகள் ஒன்றுபோல் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். சுத்தியலின் முனை உளியில் விழும் இடம் மாறவில்லைதான். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வோர் அடியிலும் வேறு வேறு பாதையில் வந்தன. தோள் சற்று உயர்ந்தால் மணிக்கட்டு அதை ஈடுகட்டியது. கைதேர்ந்தவர் ஒரே அசைவைத் திருப்பிச் செய்வதில்லை, ஒரே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கிறார். பழகுவதென்பது விடையை மனப்பாடம் செய்வதன்று, விடை காணும் வழியில் தேர்வது. 1947-இல் வெளிவந்த அவரது நூலுக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. உடலியலாளர் பாவ்லோவின் கோட்பாட்டுக்கு மாறானவர் என்று பின்னர் அவரை ஒதுக்கினார்கள். ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 

அப்படியானால் மாற்றி மாற்றிப் பழகுவது உதவுமா? 1978-இல் ஓர் எளிய சோதனை. எட்டு வயதுக் குழந்தைகள் மூட்டை போன்ற சிறு பையைக் குறிபார்த்து எறியப் பழகினார்கள். ஒரு குழு மூன்றடித் தொலைவிலிருந்து மட்டும், மற்றது இரண்டடியிலிருந்தும் நான்கடியிலிருந்தும் மாறி மாறி. தேர்வு மூன்றடியில். அந்தத் தொலைவில் ஒருமுறைகூடப் பழகாத இரண்டாம் குழு வென்றது. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், மூன்று விதக் கையசைவுகளை ஒன்று முடித்து ஒன்றாகப் பழகியவர்கள் பழகும்போது வேகமாக இருந்தார்கள். கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்து வைத்த சோதனையில் நிலைமை தலைகீழானது.

இந்த இடத்தில் என் பழைய தட்டச்சு நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். 1970-களில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு பழக்க வேண்டியிருந்தது. உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் ஒரே ஒரு முறை. மற்றொரு கோடியில், நாளுக்கு இரண்டு மணி நேரம் இரண்டு முறை. விசைப்பலகையைக் கற்றுமுடிக்க முதல் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது, நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம். ஆனால் தங்கள் பயிற்சியில் மிகக் குறைந்த நிறைவு அடைந்தவர்கள் முதல் குழுவினர். நாள்கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. தமிழ்நாட்டுத் தட்டச்சு நிலையங்களில் மெஷின்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம், அதனால் ஆளுக்கொரு மணி நேர பேட்ச். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்ற இலக்கை நோக்கி அந்த ஒரு மணி நேரத்திலேயே லட்சக்கணக்கானோர் போய்ச்சேர்ந்திருக்கிறார்கள். பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு, ஆய்வு பரிந்துரைக்கும் ஏற்பாடாகவே அமைந்தது. ‘இன்னும் ஒரு மணி நேரம் உட்காரட்டுமா சார்’ என்று கெஞ்சிய எங்களை மாஸ்டர் எழுப்பிவிட்டது நல்லதுக்குத்தான்.

எழுந்து போன பிறகு என்ன நடக்கிறது? ஓர் அசைவைப் பழகிய கையோடு அதற்கு எதிரான அசைவைப் பழகினால் முதலாவது குலைந்துபோகிறது. நடுவே சில மணி நேரம் விட்டால் குலைவதில்லை. 1990-களின் நடுவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டது இது. பழகி முடித்த பின்னும் மூளை அதை உறைய வைத்துக்கொண்டிருக்கிறது. 2002-இல் ஹார்வர்டில் மாத்யூ வாக்கர் குழுவினர், விரல்தட்டும் வரிசை ஒன்றைப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 விழுக்காடு வேகமாகச் செய்ததைப் பதிவு செய்தார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. பின்னர் 2019-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னார்கள். பத்து நொடி தட்டல், பத்து நொடி ஓய்வு என்று மாற்றி மாற்றிப் பழகியபோது, தொடக்கக் கட்ட முன்னேற்றம் தட்டும்போது வரவில்லை, இடையிலிருந்த அந்தப் பத்து நொடி ஓய்வுகளில் வந்தது. இவ்விரண்டு முடிவுகளையும் எதிர்ப்பவர்கள் உண்டு. தட்டும்போது சேர்ந்த களைப்பு நீங்குவதையே நாம் கற்றல் என்று தவறாக எண்ணுகிறோம் என்பது அவர்கள் வாதம், அதில் வலுவும் இருக்கிறது. தூக்கம் திறனை உயர்த்துகிறது என்பதைவிட, பழகியதைச் சேதமின்றிக் காக்கிறது என்று சொல்வதே இப்போதைக்குப் பாதுகாப்பானது என்று நினைக்கிறேன்.

இதற்கு முடிவு உண்டா, ஒரு கட்டத்தில் கற்றல் நின்றுவிடுமா? 1959-இல் குரோஸ்மன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சுருட்டு செய்யும் மெஷினில் வேலைசெய்தவர்களின் வேகத்தை அவர்களுடைய பணிக்காலத்தோடு ஒப்பிட்டார். ஏழு ஆண்டுகள், சுமார் ஒரு கோடிச் சுருட்டுகள் வரை வேகம் கூடிக்கொண்டே போயிருந்தது. அதன்பின் நின்றதற்குக் காரணம் மெஷின் அதற்குமேல் வேகமாகச் சுழலாது என்பதுதான். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதையாகலாம் என்று பரவிய பேச்சுக்கு இது சான்றாகாது. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் முனைப்பான பயிற்சியால் விளக்கக்கூடியது இசையில் 21 விழுக்காடு, விளையாட்டில் 18 விழுக்காடு. தொடங்கிய வயது, உடல்வாகு, நல்ல ஆசிரியர் என்று மீதிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆனால் தன்னோடு தன்னை ஒப்பிட்டால், கை தொடர்ந்து கற்கிறது.

இந்த அறிவெல்லாம் எங்கே அவசரமாகத் தேவைப்படுகிறது என்றால், பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சையில். வாதம் வந்த கை முதலில் அசையாது. நோயாளி நல்ல கையைக் கொண்டே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறார். பிறகு அசையும் திறன் ஓரளவு திரும்பினாலும் அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தாமையும் கற்றுக்கொண்ட ஒன்றுதான் என்று உளவியலாளர் எட்வர்ட் டாப் சொன்னார். அவர் வழியில் 2006-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 222 பேர் பங்கேற்றார்கள். சிகிச்சைக் குழுவினரின் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதைக் கட்டிப்போட்டு, வாதம் வந்த கையால் மணிக்கணக்கில் வேலை செய்ய வைத்தார்கள். ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. மூளை சேதமான விலங்குகள் மீள்வதைக் காட்டிய ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டி எடுக்கும் பயிற்சி தரப்பட்டது. வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, ஒரு சிகிச்சை அமர்வில் நோயாளி வாதம் வந்த கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32.

என் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கை அதைவிடவும் குறைவாக இருந்தது. அன்பு மிகுதியால் அவர் கைக்கு எந்த வேலையும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். ஊட்டினோம், தலை வாரினோம், தண்ணீரை உதட்டருகே பிடித்தோம். வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் காய்ந்த பட்டாணியும் ஒரு வெற்றுக் கிண்ணமும் கேட்டார். இரண்டையும் பெரியம்மாவின் வலக்கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார், ஒரு நாள் பக்கத்தில், மறுநாள் சற்றுத் தள்ளி. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, ஒவ்வொரு பட்டாணியாக மாற்ற வேண்டும். முதல் நாள் பாதிக்கு மேல் தரையில் உருண்டன. பொறுக்கக் குனிந்த என்னை அவர் தடுத்தார். “விடுங்க, பெரியம்மாவே எடுக்கட்டும். அதையும் எண்ணிக்குங்க.”